தத்துவம் படித்தவர் சென்ற வழி

நம் காலனியில் கோடை விடுமுறை முடியும் தறுவாயில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பதே அப்பேச்சு. பொறியியல் என்றால் மகிழ்ச்சி. மருத்துவம் என்றால் பெருமை. வணிகவியல் என்றாலும் பாதகமில்லை. ஆனால் பிள்ளை தத்துவம் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை.

சென்ற ஆண்டு என் வீட்டிலேயே இது நிகழ்ந்தது. என் மூத்த மகள் பி.ஏ. வகுப்பில் தத்துவத்தை முதன்மைப் பாடமாக எடுக்க விரும்புவதாகக் கூறினாள். அந்தப் படிப்பு நாளைக்குச் சோறு போடுமா என்று நான் சினந்து கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். நான் மெட்ரிகுலேஷன் மட்டும் தேறியவன். தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானபடியால், மேலே படிக்கும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். படிப்பு என்றாலே அது எந்த உத்தியோகத்தில் கொண்டு விடும் என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அதில் தவறொன்றுமில்லை என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அக்கேள்விக்கு விடை தேடாமலே முடிவு கட்டியது தவறு.

விடை தேடும் நோக்கத்துடன் நம் சங்க நூல் நிலையத்திலிருந்து டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்களின் வரலாற்றை எடுத்துச் சென்று படித்தேன். வெண்ணிறத் தலைப்பாகை அணிந்த அவர் படத்தைப் பார்க்காத பள்ளிக்கூடம் நாட்டில் இல்லை. செப்டம்பர் 5ஆம் நாள் ஆசிரியர் தினம் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் தத்துவத்தில் பட்டம் பெற்ற ஓர் ஏழை இளைஞர் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார், படிப்படியாக எவ்வாறு உயர்ந்தார் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அறிந்ததை என்னைப்போன்ற பெற்றோருக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

இராதாகிருஷ்ணன் அவர்கள் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் பிறந்தார். தந்தையார் வீராசாமி ஒரு ஜமீனில் வருவாய்ப் பிரிவில் சிறு உத்தியோகம் பார்த்தவர். தாயார் சீதம்மா. வீட்டு மொழி தெலுங்கு. ஊரோ தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து ஒலிக்கும் எல்லைப்புறம். ஆந்திரத்தில் இருந்த அத்திருத்தணி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்ததை நாம் அறிவோம். ஆகவே தெலுங்கரும் தமிழரும் உரிமையோடு தம்மவர் என்று சொல்லிக்கொள்ளத்தக்கவர் அவர்.

திருத்தணி, திருப்பதி, வாலாஜாபேட்டை, வேலூர் ஆகிய நான்கு ஊர்களும் அரக்கோணம் சந்திப்பைச் சுற்றி அரை நாள் பயணத்துக்குள் அடங்கிவிடும். அவருடைய பள்ளிப் படிப்பும் கல்லூரித் தொடக்கமும் இவ்வட்டத்துக்குள்ளேயே நடந்தன. திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றார். வேலூர் ஊரிஸ் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பை முடித்தார். படிப்புச் செலவுக்கு உபகாரச் சம்பளமே பெருந்துணையாக இருந்தது. அக்கால வழக்கப்படி மாணவராக இருக்கும்போதே சிவகாமு அம்மையாருடன் அவருக்குத் திருமணமும் நடந்துவிட்டது.

பிறகு சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்தார். எந்தப் பாடத்தை எடுப்பது என்ற கேள்வி எழுந்தது. தத்துவத்தின்மீது அவருக்குப் பிறவியிலேயே தணியாத வேட்கை இருந்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். உண்மை அதுவன்று. அதே கல்லூரியில் படித்துத் தேறிய உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடப் புத்தகங்களை அவரிடம் கொடுத்தார். புதிதாகப் புத்தகம் வாங்கக் கையில் பொருளில்லை. இருக்கும் புத்தகங்களுக்கு ஏற்ற பாடத்தை எடுப்பதே சிக்கனம் என்றாயிற்று. உலகம் போற்றிய ஒரு தத்துவ மேதையின் பாடத்தைத் தேர்ந்தெடுத்தது இரவல் புத்தகக் கட்டு ஒன்றுதான்! அண்ணன் புத்தகத்தைத் தம்பி படிப்பதும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் புத்தகத்தைக் கேட்டு வாங்குவதும் நம் குவார்ட்டர்ஸ்களில் அன்றாட வழக்கம். ஆகையால் இச்செய்தி எனக்கு வேடிக்கையாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

தற்செயலாக வந்த பாடத்தை அவர் அரைமனத்தோடு படித்துவிடவில்லை. மிஷன் கல்லூரியில் சில ஆசிரியர்கள் இந்து சமயக் கொள்கைகளைக் குறை கூறுவதுண்டு. உலகம் மாயை என்று சொல்லும் வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமேது என்பது அக்குறைகளுள் ஒன்று. இளைஞர் மனம் புண்பட்டது. ஆனால் அவர் வாய்ச்சண்டையில் இறங்கவில்லை. மூல நூல்களை நாடிச் சென்றார். வேதாந்தத்தின் ஒழுக்க இயலைப்பற்றியே எம்.ஏ. பட்டத்துக்குரிய ஆய்வுரையை எழுதினார். 1908இல் அது நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது இருபது. கட்டுரையைக் கண்டு பேராசிரியர் ஹாக் மனம் கோணுவாரோ என்று அவர் அஞ்சினார். ஆனால் அந்த வெள்ளைக்காரப் பேராசிரியர் அதைப் பாராட்டி உயரிய நற்சான்று வழங்கினார். தம் கருத்துக்கு மாறான கருத்தையும் தகுதி நோக்கிப் போற்றும் ஆசிரியர் கிடைப்பது மாணவனுக்குப் பெரும் பேறு.

முதல் உத்தியோகம்

பட்டம் கைக்கு வந்தது. அடுத்து என்ன? இன்று தத்துவம் படித்த பிள்ளையை நோக்கி நாம் கேட்கும் கேள்வி அன்றும் இருந்தது. 1909ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை மாநிலக் கல்லூரியின் தத்துவத் துறையில் அவருக்கு வேலை கிடைத்தது. அது பேராசிரியர் பதவியன்று. கீழ்ப்படியில் உள்ள ஆசிரியர் பணிதான். எம்.ஏ. தேறியவராயினும் ஆசிரியப் பயிற்சி பெறுவதற்காகச் சைதாப்பேட்டைப் பயிற்சிக் கல்லூரியில் மீண்டும் மாணவராய் அமர்ந்தார். அங்கே உளவியல் பாடத்தில் அவருக்கிருந்த தேர்ச்சியைக் கண்டு, உடன் பயிலும் மாணவர்களுக்கு அவரையே விரிவுரை செய்யச் சொன்னார்கள் என்பர். உளவியலின் அடிப்படைகள் குறித்து அவர் எழுதிய சிறு நூல் 1912இல் வெளிவந்தது.

நிரந்தர வேலையொன்று கிடைத்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிடுவது நம்மில் பலருடைய இயல்பு. அவர் அப்போதுதான் திறந்தார். மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய ஆண்டுகளில் உபநிடதங்கள், கீதை, பிரம்ம சூத்திரம், அவற்றின் உரைகள், பௌத்த சமண நூல்கள் ஆகியவற்றை ஒரு பக்கம் ஆழ்ந்து கற்றார். மறுபக்கம் பிளேட்டோ, காண்ட், பிராட்லி, பெர்க்சன் முதலிய மேனாட்டுச் சிந்தனையாளர்களைக் கற்றார். கற்றதோடு நில்லாமல் எழுதினார். சென்னையில் இருந்துகொண்டே அயல்நாட்டு ஆராய்ச்சி இதழ்களுக்குக் கட்டுரைகள் அனுப்பினார். 1911இலும் 1914இலும் அமெரிக்காவில் வெளியான நீதிநெறி ஆராய்ச்சி இதழொன்றில் அவருடைய கட்டுரைகள் இடம்பெற்றன. கப்பலேறிச் சென்று படிக்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. அவருக்கு முன்பாக அவர் எழுத்து கப்பலேறியது.

எம்.ஏ. பட்டத்துக்குமேல் அவர் எந்தக் கல்லூரியிலும் ஆராய்ச்சி மாணவராய்ச் சேர்ந்து பட்டம் பெற்றவர் அல்லர். டாக்டர் என்று நாம் வழங்குவது பிற்காலத்தில் பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வந்து அளித்த சிறப்பு. மேற்படிப்பு என்பதை அவர் வேலையில் இருந்துகொண்டே, தம் வீட்டு மேசையிலேயே நடத்தி முடித்தார்.

ஊர்விட்டு ஊர்

அதன்பின் அவருடைய வாழ்க்கை நம் வாழ்க்கையைப்போல் மாறுதல் உத்தரவுகளால் நிறைந்தது. சில காலம் இராஜமுந்திரிக் கல்லூரியில் பணி. 1918இல் மைசூர் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். அதே ஆண்டில் இரவீந்திரநாத தாகூரின் தத்துவத்தைப்பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1920இல் மேனாட்டுத் தத்துவத்தில் சமயத்தின் ஆதிக்கத்தை ஆராயும் மற்றொரு நூல் வந்தது. இந்த நூல்கள் பிற மாநிலத்து அறிஞர்களிடம் அவர் பெயரைக் கொண்டு சென்றன.

அக்காலத்தில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் அமைந்த தத்துவப் பேராசிரியர் பதவி நாட்டிலேயே மிக உயர்ந்ததாக மதிக்கப்பட்டது. அதில் அமர்ந்திருந்த பெரியார் பிரஜேந்திரநாத் சீல் மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகச் சென்றார். அவ்விடத்துக்கு மைசூரிலிருந்த இராதாகிருஷ்ணனை சர் அசுதோஷ் முகர்ஜி அழைத்தார். நம் அலுவலக மொழியில் சொன்னால் இதைப் பரஸ்பர மாறுதல் என்றே குறிக்கலாம்! ஆனால் ஒருவர் அறிவை மற்றவர் ஊருக்குப் பெற்றுத் தந்த இத்தகைய மாறுதல் அரிது. 1921இல் அவர் மைசூரை விட்டுப் புறப்பட்டபோது மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மலரால் அலங்கரித்த வண்டியைத் தாங்களே புகைவண்டி நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள் என்பது வரலாறு. எந்த நிலைய மேடையிலும் எத்தனையோ பெரிய மனிதர்களை வழியனுப்பக் கூட்டம் கூடுகிறது. ஓர் ஆசிரியருக்காகக் கூடிய கூட்டம் அன்றோ பெருமைக்குரியது!

மைசூரிலிருந்து கல்கத்தா செல்வோருக்குச் சென்னை வந்து, இராஜமுந்திரி, வால்டேர் வழியாக நம் கரக்பூரைக் கடந்து ஹௌரா சேருவதே அந்நாளில் வழக்கமான மார்க்கம். முப்பத்திரண்டு வயதுப் பேராசிரியர் ஒருவர் மொழி தெரியாத ஊரை நோக்கி இவ்வழியே சென்றிருப்பார் என்று நினைக்கும்போது, நம் தாத்தாக்கள் பி.என்.ஆர். காலத்தில் தகரப் பெட்டியோடு இந்நிலையத்தில் வந்து இறங்கிய காட்சியும் என் மனத்தில் தோன்றுகிறது. ஊர்விட்டு ஊர் வந்தவர்க்குக் கைத்துணை அவரவர் கற்ற தொழில்தான். அவருக்குத் தத்துவமே தொழில்.

கல்கத்தாவில் இருக்கும்போதுதான் இந்தியத் தத்துவத்தைப்பற்றிய பெருநூலை அவர் எழுதி முடித்தார். முதற் பகுதி 1923இலும் இரண்டாம் பகுதி 1927இலும் வெளிவந்தன. நம் நாட்டுச் சிந்தனை முழுவதையும் மேனாட்டார் விளங்கிக்கொள்ளும் முறையில் நல்ல ஆங்கிலத்தில் தொகுத்தளித்த அந்நூல் இன்றும் தத்துவ மாணவர் கையில் உள்ளது. 1926இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக இங்கிலாந்து சென்றார். ஆக்ஸ்போர்டில் இந்து வாழ்க்கை நெறியைப்பற்றிச் சொற்பொழிவாற்றினார். அவ்வாண்டே அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கூடிய அகில உலகத் தத்துவ மாநாட்டிலும் பேசினார்.

1931இல் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகி வால்டேர் வந்தார். 1936இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கீழைச் சமயங்களுக்கும் ஒழுக்க இயலுக்கும் உரிய ஸ்பால்டிங் பேராசிரியராக நியமனம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆக்ஸ்போர்டில் ஒரு நாளும் மாணவராக இராதவர் அங்கே ஆசிரியராக அமர்ந்தார் என்பதை நம் பிள்ளைகள் நினைவில் கொள்ளவேண்டும்.

1939இல் மாளவியாவுக்குப்பின் காசி இந்து சர்வகலாசாலையின் துணைவேந்தர் ஆனார். 1942இல் நாடெங்கும் போராட்டம் மூண்டது. மாணவர்கள் அதில் குதித்தார்கள். அரசாங்கம் சர்வகலாசாலையைக் கைப்பற்றிப் போர்க்கால மருத்துவமனையாக்கிவிடக் கூடும் என்ற நெருக்கடி வந்தது. அவர் டெல்லிக்கு விரைந்து, மேலிடத்தில் வாதாடி அதைக் காத்தார். தத்துவம் படித்தவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார் என்று கேலி பேசுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கட்டும்.

கல்வியிலிருந்து அரசுப் பணிக்கு

விடுதலைக்குப்பின் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அவர் தலைவரானார். பல்கலைக்கழகங்களுக்கு மானியம் வழங்கத் தனி அமைப்பு வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று. 1953இல் தொடங்கி 1956இல் சட்ட வடிவம் பெற்ற பல்கலைக்கழக மானியக் குழு அதன் பயனே. இன்று எம்.ஏ. முடித்த பிள்ளைகள் கல்லூரி ஆசிரியராவதற்கு எழுதும் நெட் தேர்வு அக்குழுவின் பெயராலேயே நடைபெறுகிறது. நம் பிள்ளைகளின் மேற்படிப்போடு அவருக்குள்ள தொடர்பு இவ்வளவு நெருங்கியது.

1949இல் பண்டித நேரு அவரைச் சோவியத் நாட்டுக்குத் தூதராக அனுப்பினார். ஆன்மிகத் தத்துவம் பேசும் பேராசிரியருக்கு மாஸ்கோவில் என்ன வேலை என்று வியந்தவர் பலர். ஆனால் பிற நாட்டுத் தூதர்கள் எளிதில் காணமுடியாத ஸ்டாலினை அவர் இருமுறை கண்டு பேசினார். இந்திய சோவியத் நட்புக்கு அடிகோலியவர்களுள் அவரும் ஒருவரானார். எதிர்த்தரப்பு எதை நம்புகிறது, ஏன் நம்புகிறது என்று பொறுமையோடு ஆராய்வதே தத்துவ மாணவனின் அன்றாடப் பயிற்சி. தூதருக்கும் அதைவிட வேண்டிய திறமை வேறில்லை.

1952இல் இந்தியாவின் முதல் துணைக் குடியரசுத் தலைவரானார். 1957இல் மீண்டும் அப்பதவியை ஏற்றார். இருமுறையும் போட்டியே இல்லை. எந்தக் கட்சியிலும் சேர்ந்து உழைத்தவரல்லர். ஆயினும் மாநிலங்களவையின் தலைவராகப் பத்தாண்டுகள் எல்லாக் கட்சியினரின் மதிப்பையும் பெற்றார். 1954இல் பாரத ரத்னா விருது வந்தது. 1956இல் துணைவியாரை இழந்தார். குறைந்த வருவாயில் ஐந்து பெண்களையும் ஓர் ஆணையும் வளர்த்துக் குடும்பச் சுமையைத் தாங்கிய சிவகாமு அம்மையாரின் பொறுமையைச் சொல்லாமல் அவர் வரலாறு நிறைவு பெறாது.

1962ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் குடியரசுத் தலைவர் பதவியை ஏற்றார். ஐந்தாண்டுகளில் இரண்டு போர்களையும், நேரு, லால் பகதூர் சாஸ்திரி ஆகிய இரு பிரதமர்களின் மறைவையும் நாடு கண்டது. அச்சோதனைகளினூடே நிதானம் தவறாது தம் கடமையைச் செய்தார். அவருடைய பிறந்தநாள் 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. நாட்டின் முதல் குடிமகனுக்கு ஆசிரியர் என்ற பெயரே போதுமானதாக இருந்தது. 1967இல் பதவிக்காலம் முடிந்ததும் சென்னை மயிலாப்பூரில் உள்ள தம் இல்லத்துக்குத் திரும்பினார். 1975இல் அளிக்கப்பட்ட டெம்பிள்டன் பரிசுத் தொகையையும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கே வழங்கினார். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் எண்பத்தாறாம் வயதில் இயற்கை எய்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தத்துவ உயராய்வு நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் அறியவேண்டியது

தத்துவம் படிப்போர் எல்லாரும் குடியரசுத் தலைவராகிவிடுவார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அவ்வாறு சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். அவர் ஆயிரத்தில் ஒருவரல்லர், கோடியில் ஒருவர். அவர் அடைந்த பதவிகளை விட்டுவிட்டு, நடந்த முறையை மட்டும் நோக்குவோம். தத்துவப் பட்டம் அவருக்கு நேராக எந்த நாற்காலியையும் கொண்டுவந்து போடவில்லை. அது கொடுத்தவை மூன்று: கடினமான நூலை அஞ்சாமல் படிக்கும் பழக்கம், மாறுபட்ட கருத்தை நேர்மையாக ஆராயும் மனம், எண்ணியதைத் தெளிவாகச் சொல்லும் ஆற்றல். வகுப்பறை முதல் தூதரகம் வரை அவருக்குச் சோறு போட்டவை இம்மூன்றுமே. அவற்றை அவர் பட்டம் பெற்ற நாளோடு நிறுத்தாமல் வாழ்நாளெல்லாம் வளர்த்தார். அழைத்த ஊருக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படவும் தயங்கவில்லை.

விசாரித்துப் பார்த்ததில் இன்றைய பிள்ளைகளுக்கும் வழிகள் அடைபட்டுவிடவில்லை என்று தெரிந்துகொண்டேன். பி.ஏ.வுக்குப்பின் எம்.ஏ. படிக்கலாம், நெட் தேர்வில் உயர்ந்த நிலையில் தேறினால் ஆராய்ச்சி உதவித் தொகையோடு பிஎச்.டி. செய்யலாம். மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். இதழியலும் நூலக இயலும் உள்ளன. ஐ.ஏ.எஸ். முதலிய பணிகளுக்கான முதன்மைத் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடமாகவே இருக்கிறது. இவ்வளவும் வேண்டாம், நம் இரயில்வேயையே எடுத்துக்கொள்வோம். ஸ்டேஷன் மாஸ்டர் தேர்வுக்குப் பட்டம் வேண்டும் என்கிறார்கள். இன்ன பாடத்தில் பட்டம் என்று கேட்பதில்லை. இவற்றில் எதுவும் தானாக வாசலில் வந்து நிற்காது என்பதும் உண்மை. கல்லூரி ஆசிரியர் இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. அதைப் பிள்ளையிடம் மறைக்கக்கூடாது. மறைக்காமல் சொல்லிவிட்டு, விருப்பத்தோடு படிக்க விடுவதே பெற்றோர் கடமை என்ற முடிவுக்கு வந்தேன்.

கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று காலை அலுவலகத்துக்குப் புறப்படுமுன் என் மகளை அழைத்தேன். படிவத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் தந்தையின் கல்வித் தகுதி என்ற இடத்தில் மெட்ரிகுலேஷன் என்று எழுதியபோது எப்போதும் வரும் சிறு வருத்தம் அன்றும் வந்தது. கீழே கையொப்பமிட்டேன். அவள் இப்போது முதலாண்டை முடிக்கப் போகிறாள். மாலையில் வீடு திரும்பினால் அவளுடைய புத்தகத்தில் ஒன்றை எடுத்துப் புரட்டுகிறேன். பாதி விளங்குவதில்லை. விளங்காத இடத்தை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மூட்டை கட்டி வைத்த படிப்பை இப்போது சிறிது சிறிதாக அவிழ்த்துப் பார்க்கிறேன்.

நம் காலனியில் இந்த ஆண்டும் ஏதேனும் ஒரு பிள்ளை தத்துவம் படிக்க ஆசைப்படலாம். அப்பிள்ளையின் பெற்றோர் சினம் கொள்ளுமுன் நம் சங்க நூல் நிலையத்துக்கு ஒருமுறை வரவேண்டுகிறேன். அந்த வரலாற்று நூலை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் மகள் படித்து முடித்த முதலாண்டுப் புத்தகங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். கேட்பவர்க்கு இரவல் தரத் தடையில்லை.